மாடித் தோட்டம் உழவருக்குப் போட்டியல்ல

நகரத்தில் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் காய்கறி வளர்ப்பது பற்றிப் பேச்சு வந்தாலே, 'அவர்களே விளைவித்துக்கொண்டால் நம் காயை யார் வாங்குவது?' என்று நம் விவசாயிகளில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் ஐந்தாறு பைகள் வைக்கலாம். அதில் வாரத்துக்கு ஒருநாள் குழம்புக்குக் காய் கிடைத்தாலே பெரிது. மற்ற ஆறு நாளும் அவர்கள் சந்தைக்குத்தான் வர வேண்டும்.

அந்தப் பைகளை நிரப்ப என்ன தேவை? நார்க்கழிவு, மண்புழு உரம், நாற்று, விதை, வேப்பம் புண்ணாக்கு. எல்லாம் உங்கள் தோப்பிலும் தொழுவத்திலும் கிடைப்பவை. நீங்கள் டன் கணக்கில் விற்கும் மண்புழு உரம், நகரத்து நர்சரியில் ஒரு கிலோ பொட்டலமாக என்ன விலைக்குப் போகிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். இடையில் நிற்கும் லாபம் யாருக்குப் போகிறது என்பது விளங்கும்.

நார்க்கழிவு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மாடியில் மண்ணை மட்டும் நிரப்பினால் பாரம் தாங்காது; நனைந்த மண் ஒரு வாளியே முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதனால்தான் நார்க்கழிவைக் கேட்கிறார்கள். ஆனால், பச்சையான நார்க்கழிவில் உப்பு அதிகம். கரி, தழைச்சத்து விகிதமும் 100:1க்கு மேல். அப்படியே கட்டியாக அழுத்தி விற்றால் செடி மஞ்சளடித்து நின்றுவிடும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொண்டு பையைப் பரணில் போட்டுவிடுவார். மறுபடி வாங்க மாட்டார். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். முடிந்தால், சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைத்து விற்கலாம். இந்த முறையை வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ சொல்லிவிட்டது; பொள்ளாச்சிப் பக்கத்தில் இன்னும் சாலையோரம் நார்க்கழிவு மலையாகக் குவிந்து கிடக்கிறது!

தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி, மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகள் கொடுத்துவருகிறீர்கள். கொடுத்ததோடு வேலை முடிந்ததா? வெயில் நான்கு மணி நேரம்கூட விழாத பால்கனிக்காரருக்குத் தக்காளி விதை எதற்கு? அவருக்குப் புதினாவும் கீரையும் போதும். சித்திரை வெயிலில் நிழல்வலை இல்லாமல் செடி கருகும் என்பதையும், பையின் அடியில் துளை இல்லாவிட்டால் வேர் அழுகும் என்பதையும் விதை கொடுக்கும் அன்றே சொல்லியாக வேண்டும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நகரமே கொதித்தது. ரேஷன் கடையில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. சில வாரங்களில் விலை சரிந்தது. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் நீங்கள் தவித்த நாட்களில் யாரும் பேசவில்லை. ஒரு செடியைக் காப்பாற்றி, பூ உதிர்ந்து, காய்ப்புழு விழுந்து, மிஞ்சியதைப் பறித்தவர் மட்டும் அடுத்த முறை பேரம் பேசக் கொஞ்சம் யோசிக்கிறார். அவர்தான் உங்கள் நேரடி வாடிக்கையாளர்.

ஆடிப் பட்டத்துக்கு முன்பாகவே அவர்கள் நாற்றுத் தேடுவார்கள். குழித்தட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை இப்போதே திட்டமிடுங்கள். உழவர் சந்தைக்குக் காய் கொண்டுபோகும் வண்டியிலேயே இரண்டு தட்டு ஏற்றிப் பாருங்கள்.