மணி அடியாத தொலைபேசி

அமெரிக்காவிலே கன்சாஸ் சிற்றி என்னும் நகரத்தில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்றொருவர் இருந்தார். இறந்தவர்களின் ஈமக் கிரியைகளுக்கு வேண்டியவற்றைச் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரிலே மரணங்கள் குறையவில்லை. ஆனால் அவருடைய தொலைபேசி மணி அடிப்பது மாத்திரம் குறைந்துகொண்டே வந்தது. இணைப்புக் கொடுக்கும் பெண்மணி, தொழிலிலே போட்டியாளர் ஒருவருக்கு உறவினர் என்றும், வரும் அழைப்புக்களை அந்தப் பக்கமே திருப்பிவிட்டார் என்றும் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும் விளைவு மெய். மனிதர் கை படாமல் தானே இணைக்கும் கருவியை அவர் ஆக்கி, 1891-ஆம் ஆண்டிலே அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார்.

தொலைபேசி மணி அடியாவிட்டால் சிறு வியாபாரி படும் பாடு பெரும்பாடு. அந்தப் பாட்டைத் திருகோணமலையிலே நாமும் ஒரு முறை கண்டோம்.

உட்துறைமுக வீதிப் பக்கத்தில் நண்பர் ஒருவருக்குச் சிறு காரியாலயம் உண்டு. வேலை செய்பவர் ஐவர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, குடிநீர், கயிறு முதலியன கொடுப்பது அவர்கள் வியாபாரம். பழைய கம்பித் தொலைபேசியை எடுத்துவிட்டு இணையத் தொலைபேசி வைத்திருந்தார். ஓர் இலக்கம், ஐந்து கருவிகள். கணக்கருக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று. மாதச் செலவும் குறைவு. நண்பர் முகத்திலே மாத்திரம் மகிழ்ச்சி இல்லை.

“என்ன குறை?” என்றோம்.

“குரங்கு, அண்ணை” என்றார்.

2025-ஆம் ஆண்டு பெப்ரவரி 9-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை மின் உபநிலையத்திலே குரங்கு ஒன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று மின்சக்தி அமைச்சரே அறிவித்தார். அன்றொரு அனுமன் இலங்கைக்கு நெருப்பு வைத்தான். இன்றொருவன் விளக்கை அணைத்தான்! ஞாயிறாயினும் நண்பர் காரியாலயம் திறந்தே இருந்தது. கப்பலுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? கொழும்பிலிருந்து கப்பல் முகவர் ஒருவர் இரண்டு முறை அழைத்திருக்கிறார். ஐந்து கருவிகளில் ஒன்றேனும் மணி அடிக்கவில்லை. சரக்கு வேறொருவர் கைக்குப் போயிற்று.

“சரக்குப் போனால் போகட்டும். பத்து வருடமாக எங்களையே அழைத்தவர். அதற்குப் பிறகு அழைக்கவேயில்லை” என்றார்.

இதிலே மாயமொன்றும் இல்லை. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் அதன் செம்புக் கம்பி வழியாகவே வந்தது. தொலைபேசி நிலையத்திலே 48 வோல்ற்று பற்றரிகள் எந்நேரமும் காத்திருந்தன. ஊர் இருண்டாலும் மணி அடித்த இரகசியம் அதுவே. இணையத் தொலைபேசியின் நிலை வேறு. பேசும் கருவி, இணைப்பைப் பகிரும் றவுட்டர், பைபர் கம்பி வந்து சேரும் பெட்டி ஆகிய மூன்றுக்கும் நம் வீட்டு மின்சாரமே கதி. 2022-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

“வாங்கும்போது என்ன கேட்டீர்?” என்றோம்.

“விலையைக் கேட்டேன்” என்றார்.

விலையைக் கேட்பது நியாயமே. ஆயினும், “மின்சாரம் நின்றால் என்ன ஆகும்?” என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும். அழைப்புக்களைப் பகிர்ந்தளிக்கும் பொறி நம் காரியாலயத்திலே இருந்தால், மின்சாரத்தோடு அதுவும் உறங்கிவிடும். அது சேவை நிறுவனத்தின் நிலையத்திலே இருந்தால், நம் கருவிகள் உறங்கினாலும் அங்கிருந்தே அழைப்பைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பலாம். ஆனால் அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்தல் வேண்டும். றவுட்டருக்கும் பைபர்ப் பெட்டிக்கும் வேண்டியது ஏறக்குறைய 20 வாற்று மின்சாரமே. சிறியதொரு யூ.பி.எஸ். அவற்றை ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். கணினியையும் அதிலே மாட்டாதிருந்தால்!

பிற கேள்விகளும் உண்டு. 026 என்று தொடங்கும் பழைய இலக்கம் பெயர்ப்பலகையிலும் நாட்காட்டியிலும் ஏறிவிட்ட சொத்து. அது தொடருமா என்பதை எழுத்திலே பெறுக. பொலிசாரின் 119, அம்புலன்ஸின் 1990 ஆகிய இலக்கங்களுக்கு இந்தக் கருவியிலிருந்து அழைப்புப் போகுமா என்பதையும் கேட்டறிக.

வேகத்தைப் பற்றி விற்பனையாளர் மிகப் பேசுவர். ஓர் உரையாடலுக்குப் போக்கிலும் வரவிலும் ஏறக்குறைய 90 கிலோபிற்று போதும். ஐந்து பேர் ஒருங்கே பேசினும் அரை மெகாபிற்றைத் தாண்டாது. குரல் சிதைவது பெரும்பாலும் தாமதம் ஏறி இறங்குவதாலும், குரற்பொதிகள் வழியிலே தொலைவதாலும். வாயிலிருந்து செவிக்கு 150 மில்லி விநாடிக்குள் குரல் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். களஞ்சியத்துப் பையன் அதே இணைப்பிலே திரைப்படம் பார்த்தால் முதலாளியின் குரல் துண்டுதுண்டாகும். குரலுக்கு முதலிடம் கொடுக்கும்படி றவுட்டரிலே அமைக்கலாம்.

இறுதியாகக் களவு. 1234 என்று கடவுச்சொல் வைத்த தொலைபேசிக்குள் இரவிலே கள்ளர் புகுந்து வெளிநாடுகளுக்கு அழைப்பர். பட்டியல் நம் பெயருக்கு வரும். வேண்டாத நாடுகளுக்கான அழைப்பை அடைத்துவிடுவதும், செலவுக்கு உச்ச வரம்பு கட்டுவதும் புத்தி.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர் சேவை நிறுவனத்தை அழைத்தார். அழைப்பைத் திருப்பும் வசதி முதல் நாளிலிருந்தே அவருக்கு இருந்ததாம்! அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சில நிமிடங்களிலே காரியம் முடிந்தது.

“அந்தக் கப்பல் முகவர்?” என்றோம்.

“அவர்தான் அழைப்பதில்லையே” என்றார்.

“தொலைபேசிக்கு இரண்டு பக்கம் உண்டு. நீர் அழைத்தீரா?”

நண்பர் சற்று நேரம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு இலக்கத்தை அழுத்தினார். மறுமுனையிலே மணி அடித்தது, குரலும் வந்தது. முகவர் என்ன சொன்னார் என்பது வியாபார இரகசியம். ஆயினும் பேச்சு முடிந்ததும் நண்பர் நமக்கு இரண்டாம் முறை தேநீர் வருவித்தார் என்பதை மாத்திரம் வாசகர்களுக்குத் தெரிவித்து வைக்கிறோம்.