வீட்டு நாய்க்குத் தெரு இல்லை

நம் சங்க அன்பர்களில் யாராவது வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று முடிவு செய்தால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தெரிந்தவர் மூலம் விசாரித்து, லாப்ரடார் குட்டிக்கோ பொமரேனியன் குட்டிக்கோ முன்பணம் கொடுக்கிறார்கள். குழந்தையின் பிறந்த நாளுக்குக் குட்டி வந்து இறங்குகிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான் இங்கே சொல்ல வருவது வேறு. புனேயில் நாய் வேண்டுபவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் குட்டிகளைத் தாண்டி, வளர்ந்த நாய்கள் இருக்கும் பக்கம் நடக்க வேண்டும்.

காப்பகம் என்றதும் தெருநாய்களைப் பிடித்து அடைத்து வைக்கும் இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. தெருநாய்க்கென்று நம் நாட்டில் தனி விதிகள் உண்டு. 2001-ல் வந்து, 2023-ல் புதுப்பிக்கப்பட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டு போய் விட வேண்டும். காதில் சிறிய வெட்டு அடையாளம் உள்ள நாய்களை நம் குடியிருப்பு வாசலிலேயே பார்த்திருப்பீர்கள். அவை இப்படிப் போய் வந்தவை. ஆக, தெருவில் பிறந்த நாய்க்குத் திரும்பிப் போக ஒரு தெரு இருக்கிறது. அதற்கென்று ஓர் எல்லை, ஒரு கூட்டம், ஒரு டீக்கடை, பிஸ்கட் போடும் ஒரு வாட்ச்மேன் என்று ஒரு வாழ்க்கை இருக்கிறது.

வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய்க்கு இது எதுவும் கிடையாது. அதைத் தெருவில் விட்டால் அந்தத் தெருவின் நாய்கள் கூடி விரட்டிக் கடிக்கும். வண்டிகளுக்கு நடுவே ஓடத் தெரியாது. குப்பையில் கிளறித் தின்னத் தெரியாது. எனவே அது காப்பகத்திலேயே தங்கிவிடுகிறது.

விடுமுறை நாட்களில் அலுவலக நண்பர் ஒருவருடன் நான் போய் வரும் ஒரு காப்பகத்தில் ராணி என்று ஒரு நாய் இருந்தது. செம்பழுப்பு நிறம், ஐந்து வயது இருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு நாள் விடியற்காலையில் கழுத்துப் பட்டையோடு வாசல் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார்களாம். யார் வந்தாலும் கம்பிக் கதவருகே வந்து உட்கார்ந்து முன்னங்காலை நீட்டும். அதை யாரோ ஒரு குழந்தை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வருகிறவர்கள் சிரித்துவிட்டு, காலைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "குட்டி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போவார்கள். பல மாதங்கள் இதே காட்சியைப் பார்த்தேன்.

ஒன்றைக் கவனியுங்கள். காப்பகத்தில் மனிதரோடு மிக எளிதாகப் பழகும் நாய், அநேகமாக முன்பு யாருடைய வீட்டிலோ இருந்த நாய். அந்தப் பழக்கமே அதற்குத் தெருவில் பிழைக்க வழியில்லாமல் செய்துவிடுகிறது.

ராணி மாதிரி ஒரு நாய் வீடு கிடைத்துப் போனால், பயன் அதற்கு மட்டும் அல்ல. புனேயில் 2007-ல் தொடங்கிய ரெஸ்க்யூ சாரிட்டபிள் டிரஸ்ட், புனே புளூ கிராஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் அடிபட்ட, நோயுற்ற பிராணிகளுக்குச் சிகிச்சை தருகின்றன. எந்தக் காப்பகத்திலும் கூண்டுகளின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. நோய் நொடி இல்லாத நாய் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஒரு கூண்டில் இருந்தால், நாளை லாரியில் அடிபட்டு வரும் நாய்க்கு அந்த இடம் இல்லை. ஆஸ்பத்திரியில் குணமானவர் படுக்கையைக் காலி செய்யாமல் இருந்தால் என்ன ஆகுமோ, அதே கதைதான். குணமானவருக்குப் போக வீடு இல்லை என்பதுதான் இங்கே வித்தியாசம்.

2025-ல் இந்தச் சுமை இன்னும் கூடியது. அந்த ஆண்டு ஆகஸ்டு 11-ல் டெல்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், நாடெங்கும் எழுந்த வாதங்களும் நினைவிருக்கும். ஆகஸ்டு 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் அதே இடத்தில் விடலாம் என்றது. தத்தெடுக்க விரும்புபவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் அந்த ஆணையில் இருந்தது. பின்னர் நவம்பர் 7-ல், பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் இருக்கும் நாய்களை அப்புறப்படுத்தி, திரும்ப அங்கே விடக்கூடாது என்று ஆணை வந்தது. அப்படிப் பிடிபடும் நாய்கள் எங்கே போகும்? காப்பகத்துக்குத்தான்.

நாலு பேர் நாய் தத்தெடுத்தால் தெருநாய்த் தொல்லை தீர்ந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. அதற்கு மருந்து கருத்தடையும் தடுப்பூசியும்தான். இதை நாட்டுக்கு எடுத்துச் சொன்னதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது என்று விடாமல் சொல்லி வந்தது. 1996-ல் சென்னை மாநகராட்சி கருத்தடை வழிக்கு வந்தது. அதற்கும் முன்னால், மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டு வந்த தனிநபர் மசோதாவின் பயனாகவே 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டம் பிறந்தது. தத்தெடுப்பது இந்தப் பெரிய வேலைக்கு ஈடாகாது. ஆனால் ஒரு நாயின் கணக்கில் அது முழு வேலை.

"நாய் என்றாலே நம்மவர்களுக்கு ஆகாது" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். திட்டுவதற்கு அந்தச் சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்பது உண்மைதான். ஆனால் நாலடியார் என்ன சொல்கிறது? நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, எஜமானன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும். ஆகவே நாயைப் போன்றவரோடு நட்புக் கொள்க என்கிறது. பைரவர் சந்நிதியில் நாயை வாகனமாக வைத்துக் கும்பிடுகிறோம். நாம் பிழைக்க வந்த இந்த மண்ணிலும் அதே கதைதான். ஜேஜுரி மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கண்டோபாவுடன் நாய் இருக்கும். அவரை மார்த்தாண்ட பைரவர் என்றே மராட்டியர்கள் வணங்குகிறார்கள். ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிய நாயின் பின்னால், "வெறும் ரொட்டியைத் தின்னாதே, நெய்யும் தொட்டுக்கொள்" என்று கிண்ணத்தோடு ஓடினார் நாமதேவர் என்று ஒரு பக்திக் கதையும் இங்கே உண்டு.

இனி, ஜாதி நாய் மோகம். 2003-ல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே நடந்தது. அதற்குப் பிறகு நாடு முழுவதும் எல்லோருக்கும் பக் வேண்டியிருந்தது. தட்டை மூக்கு காரணமாக வெயிலில் மூச்சுத் திணறும் நாய் அது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. இப்போது சைபீரியப் பனியில் வண்டி இழுக்கும் ஹஸ்கியைப் புனேயின் ஏப்ரல் வெயிலில் மூன்றாம் மாடியில் வைத்து வளர்க்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் விதி வந்தது. வாங்குகிற நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்கிறோம்? நாய் விற்ற காசு குரைக்காது என்று விற்பவர் சும்மா இருந்துவிடுவார். நம் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. இந்த நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் ஈடு கொடுக்கிற சாதாரண நாட்டு நாய்க்குத்தான் கேட்பார் இல்லை.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு வளர்ந்த நாய்தான் பொருத்தம் என்பதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. குட்டி இரவெல்லாம் கத்தும், செருப்பைக் கடிக்கும், கண்ட இடத்தில் நனைக்கும். கணவன், மனைவி இருவரும் ஹிஞ்சவடிக்கோ மகர்பட்டாவுக்கோ வேலைக்குப் போகும் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வளர்ந்த நாயின் உயரமும் குணமும் கண்ணெதிரே தெரியும். குழந்தைகளிடம் எப்படி, வயதானவர்களிடம் எப்படி என்று காப்பகத்தாரே சொல்வார்கள்.

இன்னொன்று. ஊரிலிருந்து நாம் அழைத்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை நினைத்துப் பாருங்கள். மொழி தெரியாது, பகல் முழுவதும் டி.வி.யும் பால்கனியும்தான். சாதுவான நாய் ஒன்றைக் காலையிலும் மாலையிலும் கீழே அழைத்துப் போனால், பத்தே நாளில் கட்டிடம் முழுவதும் பழக்கமாகிவிடும். நாயைத் தடவ வரும் குழந்தையிடம் பேச இலக்கணம் வேண்டாம். நாய்க்கு "இக்டே யே", "பஸ்" என்று மராட்டிதானே தெரியும் என்று கவலை வேண்டாம். "வா", "உட்கார்" என்று சொன்னால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். நம் பிள்ளைகளைவிட அது சீக்கிரம் தமிழ் கற்றுக்கொள்ளும் என்பது என் துணிபு!

சந்தேகங்கள் பல எழும். கடித்துவிட்டால்? ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பயம் பெரும்பாலும் போய்விடும். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி வைத்தியம் கூடவே கூடாது. சைவ வீடா? பிராணி மருத்துவரிடம் கேட்டு உணவு முறையை அமைக்கலாம். ஆனால் வெங்காயம், சாக்லேட், பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை ஆகியவை நாய்க்கு விஷம் என்பதைப் பாட்டிமார்களுக்குச் சொல்லி வையுங்கள். சொசைட்டியில் தடுப்பார்களா? வளர்ப்புப் பிராணிகளைக் குடியிருப்புச் சங்கங்கள் அடியோடு தடை செய்ய முடியாது என்று பிராணிகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. வாடகை வீடானால், பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது. மாநகராட்சி உரிமத்தையும் எடுத்துவிட வேண்டும். ஊருக்குப் போவதானால் ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் தனி கூபே அல்லது கேபின் முழுவதும் பதிவு செய்து உடன் கூட்டிப் போகலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் நாய்ப்பெட்டி உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும். மாற்றலாகிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் நாம். இன்று புனே, நாளை ஹைதராபாத், மறுநாள் துபாய். நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும்; ஒரு டஜன் வாடகை ஒப்பந்தங்களுக்கும் மேல். வீடு மாற்றும்போது சோபாவை விற்றுவிட்டு, அக்வேரியத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நாயைக் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லா மொழிக்காரர்களிலும் இருக்கிறார்கள். பசி, தாகத்தால் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். இந்தச் சட்டம் யாரையும் பயமுறுத்தாது. மனசாட்சிதான் செய்ய வேண்டும். அடுத்த மாற்றலிலும் கூட்டிப் போவேன் என்ற உறுதி இல்லாதவர்கள் தயவுசெய்து நாய் எடுக்காதீர்கள். கடையிலும் வேண்டாம், காப்பகத்திலும் வேண்டாம். ஆசை இருந்தால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போய் நாய்களை நடத்திக் கூட்டிப் போங்கள். பழைய போர்வை, செய்தித்தாள் கொடுங்கள். சில காப்பகங்களில் சில வாரங்கள் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் அனுமதிப்பார்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் இடம் தருகிறோம். அடுத்த விழாவில் ஒரு மேஜை போட்டு, காப்பகம் ஒன்றின் ஆட்களை அழைத்து, வீடு தேடும் நாய்களின் படங்களை வைக்கச் சொல்லலாம். இந்த இதழிலும் வாடகை வீடு, வரன் தேடல் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கலாம். மாற்றலாகிப் போகிறவர்கள் நாயைக் கூட்டிப் போக வழியே இல்லையென்றால், வாசலில் கட்டிவிட்டு ஓடாமல் இரண்டு மாதம் முன்பே அந்தக் கால் பக்கத்தில் எழுதினால், நம்மில் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடும். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன்.