பகலில் எரியும் விளக்கு

பெரம்பலூரினின்று அரியலூர் செல்லும் சாலையில் நண்பகலில் எதிர்வரும் மோட்டார் சைக்கிள்களை நோக்குவோமாயின், பெரும்பாலானவை விளக்கெரிய வருதலைக் காண்போம். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடுமளவும் முன்விளக்குத் தானே எரிதல் வேண்டுமென்பது சர்க்கார் விதி. தொடக்கத்தில் வழிப்போக்கர் பலர் விரல்களைக் குவித்து விரித்து, "ஐயா, விளக்கெரிகிறது" என்று பரிவுடன் சாடை காட்டினர். அணைக்க முயன்றோர் அதற்குரிய பொத்தானைக் காணாது விழித்தனர்!

மோட்டார் சைக்கிளின் முகம் குறுகியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பும் புழுதியில் அஃது ஒரு கோடு போலவே தோன்றும். எத்துணைத் தொலைவில், எவ்வளவு விரைவில் வருகின்றதெனக் கண் எளிதில் மதிப்பிடாது. ஒற்றை விளக்கே அதற்கு அடையாளம்.

இப்பொழுதோ புதிய கார்கள் பலவும் பகலில் வெண்சுடர் வீசி வருகின்றன. ஸ்வீடன் 1977-இலேயே எல்லா வண்டிகளுக்கும் பகல் விளக்கை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் புதிய கார் வகைகளுக்கு விதித்தது. மங்கிய வானமுடைய அந்நாடுகளுக்கு அது தகும். ஆயினும் அங்குள்ள மோட்டார் சைக்கிள் சங்கத்தார், கார்களின் சுடர்களுக்கிடையே தம் ஒற்றைச் சுடர் மறையுமென்று மறுத்தனர். அம்மறுப்பு நம் வெயிலுக்கு மிகவும் பொருந்தும். ஆதலின் இங்கே கார்களுக்கும் அதனைக் கட்டாயமாக்குக என்பாருடன் நாம் உடன்படோம். எளியவனுக்கென வாய்த்த அடையாளத்தை வலியவனும் அணிந்துகொள்ளல் முறையன்று.

கல்லேற்றிய லாரிகளைத் தார்ப்பாயால் மூடுதலும், சாலையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்குதலுமே விளக்கினும் முந்திய வேலைகள் என்போம்.