தராசைச் சோதிக்கும் வியாபாரிகளே, பிள்ளையின் மதிப்பெண்ணைப் படித்தீர்களா?

 

2025 ஜூனில் நீட் முடிவு வந்த வாரம். மைசூர்ச் சாலையும் மசினகுடிச் சாலையும் பிரியும் தெப்பக்காட்டில் பேருந்துக்குக் காத்திருந்தேன். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் மகளின் மதிப்பெண் தாளை நீட்டினார். "ஹஜ்ரத், பொண்ணு பாஸாயிட்டா. அம்பது பர்சன்டைலுக்கு மேல. சீட் உறுதின்னு ஏஜென்ட் சொல்றார், முன்பணம் கேட்கிறார்" என்றார்.

தாளைப் பார்த்தேன். 720க்கு 150. நூற்றுக்கு இருபத்தொன்று கூட முழுதாக இல்லை!

சகோதரர்களே, பர்சன்டைல் என்பது பர்சன்ட் அல்ல! ஐம்பது பர்சன்டைல் என்றால், எழுதியவர்களில் பாதிப் பேர் உங்கள் பிள்ளைக்குக் கீழே இருக்கிறார்கள் என்றுதான் பொருள். 2025ல் பொதுப்பிரிவினர் 144 எடுத்தாலே தகுதி. ஓபிசி பிரிவுக்கு 113 போதும். அவ்வாறு தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம். பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவே!

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். 2024ல் திருத்திய முடிவில் 17 பேர் 720க்கு 720 பெற்றார்கள். 2025ல் முதலிடமே 686தான். ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாள் மாறும். இடத்தைத் தீர்மானிப்பது ரேங்க்!

இந்த அறியாமைதான் ஏஜென்டுகளின் மூலதனம். தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீடானாலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமானாலும் அரசுக் கலந்தாய்வு மூலமே இடம். நீங்களே பதிவு செய்யக்கூடிய ஒன்றுக்கு எதற்கய்யா தரகு?

நீட் அநீதியானது என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. 2021லும் 2022லும் தமிழகச் சட்டமன்றம் விலக்கு மசோதா நிறைவேற்றியும் தேர்வு நீங்கவில்லை. நீங்கும் வரை போராடுவோம். அதுவரை நம் பிள்ளைகளை இருட்டில் விடலாமா?

2007ல் போராடிப் பெற்ற 3.5 விழுக்காட்டை எண்ணிப் பாருங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் 150 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போனால், மீதியில் நமக்கு நான்கு இடம்தான் தேறும். அந்த நான்கையும் சான்றிதழ் இல்லாமல் இழப்பதா? மாநிலக் கலந்தாய்வுக்கு பி.சி. முஸ்லிம் சாதிச் சான்று வேண்டும். அகில இந்தியக் கலந்தாய்வுக்கு ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்று தனியாக வேண்டும். முடிவு வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் காலம் காத்திருக்காது!

ஜமாஅத் நிர்வாகிகளே! பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுப்பதோடு கடமை முடிந்ததா? ஊருக்கு இரண்டு பட்டதாரி இளைஞர்களைப் பொறுப்பாக்குங்கள். தேர்வுக்குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் நம் பிரிவின் வரிசை எண் தனியே இருக்கும். முந்தைய ஆண்டு எந்த எண்ணோடு இடம் முடிந்தது என்று பார்த்துச் சொல்லட்டும். இடம் கிடைக்காது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். நர்சிங், பார்மஸி, கலை அறிவியல் என்று வேறு வாசல்களைக் காட்டட்டும்.

அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்க அல்முதஃப்பிஃபீன் என்றொரு அத்தியாயமே இறங்கியது. கடைத் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் பதறும் நாம், பிள்ளையின் எதிர்காலத்தை அடுத்தவன் தராசில் வைக்கலாமா?

அந்தச் சகோதரர் முன்பணம் கொடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நீங்கள்? சிந்தியுங்கள்!