புது ஹெட்போன் வாங்கும் முன்... செட்டிங்ஸை ஒருமுறை பார்த்துடுங்க!

லாப்டாப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியே ஆபீஸ் மீட்டிங்கில் சேர்கிறீர்கள். அடுத்த நொடி, ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. 'அய்யோ, ஹெட்போன் போச்சா?' என்று பதறாதீங்க. பிரச்னை பெரும்பாலும் சாஃப்ட்வேரில்தான்.

என்ன நடக்கிறது?

வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, போன் பேச்சுக்கு வேறு வழி. ஹெட்போன் மைக் ஆன் ஆனதும் கம்ப்யூட்டர் இரண்டாவது வழிக்குத் தாவிவிடும். அங்கே ஸ்டீரியோ கிடையாது. ஒலியிலிருந்து நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான் எடுக்கப்படும். சிடி தரத்தில் இது 44,100. வித்தியாசம் காதில் விழாமல் இருக்குமா? மீட்டிங் செட்டிங்ஸில் லாப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்வு செய்தால் போதும். செலவே இல்லை.

காசு கொடுத்து பிளேயர் வாங்கணுமா?

விண்டோஸில் எல்லா ஆப்களின் சத்தமும் ஒரே மிக்ஸரில் கலந்துதான் வெளியே வரும். மிக்ஸர் 48,000-ல் இருந்தால், 44,100-ல் பதிவான பாட்டும் அதற்கேற்ப மாற்றப்படும். இதைத் தவிர்க்கும் 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' இருப்பதாகச் சொல்லியே சில பிளேயர் சாஃப்ட்வேர்களை விற்கிறார்கள். பெரும்பாலானோருக்கு இது வீண் செலவு என்பேன். இன்றைய நல்ல மாற்றுமுறைகள் காதுக்குத் தெரியும் அளவுக்குப் பாட்டைக் கெடுப்பதில்லை. இரண்டு பிளேயர்கள் ஒரே எண்களை மாறாமல் அனுப்பினால், வரும் ஒலியும் ஒன்றுதான். 'இதுல குரல் இன்னும் இனிமையா இருக்கு' எனத் தோன்றினால், முதலில் இரண்டின் வால்யூமையும் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்பதே நல்லதாகத் தோன்றுவது நம் காதின் பழக்கம்.

எதைப் பார்க்கணும்?

* ஸ்ட்ரீமிங் ஆப்பில் டேட்டா சேவர் ஆனில் இருக்கிறதா?
* 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' ஆனில் இருக்கிறதா? ஒருமுறை அணைத்துக் கேளுங்கள்.
* ஈக்வலைசரில் பேஸை ஏகத்துக்கும் ஏற்றியிருக்கிறீர்களா? ஒலி உடையும்.
* 'லாஸ்லெஸ்' கேட்கிறீர்களா? ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. ஆனால், பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போன்களுக்குப் போகும்போது பாட்டு மறுபடி சுருக்கப்படும். முழுப்பலன் வேண்டுமென்றால் வயர்தான்.

'மைக் ஆனதால் ஒலித்தரம் குறைக்கப்பட்டது' என்று திரையில் ஒரு வரி காட்டுவது சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான், நல்லா இருக்கிற ஹெட்போனை ஓரங்கட்டிவிட்டுப் புதுசுக்கு இஎம்ஐ கட்டுகிறோம்.