விமான நிலையத்துக்கு லாபம் சட்டத்தில்! நெல்லுக்கு?



காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 13 கிராமம், அஞ்சாயிரம் ஏக்கருக்கு மேல். நெல் விளையற நஞ்சை, ஏரி, குளம், கம்பன் கால்வாய் எல்லாம் அதற்குள். ஏகனாபுரம் மக்கள் தொடங்கிய போராட்டம் 2025ல் ஆயிரம் நாளைத் தாண்டியது. கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள்.

"சம்மதம் இல்லாம எப்படிங்க நெலத்தை எடுக்க முடியும்?" என்று போகிற ஊரிலெல்லாம் நம்மைக் கேட்கிறார்கள். 2013 மத்தியச் சட்டப்படி, அரசும் தனியாரும் கூட்டு என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதம் சம்மதிக்கணும். தனியார் என்றால் 80. சமூகத் தாக்க ஆய்வும் வேணும். ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் சம்மதமும் கிடையாது, ஆய்வும் கிடையாது. அதைக் காப்பாற்ற 2014ல் 105-ஏ என்று ஒரு பிரிவைச் சொருகினார்கள். 2019ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. 2021ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றுவிட்டது. சட்டம் போட்டது ஒரு கட்சி, உயிர் கொடுத்தது இன்னொரு கட்சி! பரந்தூரில் நோட்டீஸ் வந்தது இந்தச் சட்டத்தில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். விமான நிலையக் கட்டணத்தை நிர்ணயிக்க 2008ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஓர் ஆணையம் வைத்தது. பெரிய விமான நிலையம் என்றால் போட்ட முதல், நடத்துற செலவு, தேய்மானம், வரி எல்லாம் கூட்டி, அதுக்கு மேலே நியாயமான லாபமும் சேர்த்துத்தான் கட்டணம். கூட்டம் வராமல் வசூல் குறைந்தால், அந்தப் பாக்கியை அடுத்த அஞ்சு வருஷக் கட்டணத்தில் ஏற்றவும் வழி இருக்கு.

நமக்கு? உற்பத்திச் செலவோடு அதில் பாதியும் சேர்த்து விலை கொடு என்று சுவாமிநாதன் ஆணையம் 2006ல் சொன்னது. அதுக்குச் சட்டம் போட ஆளில்லை. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நெல் முளைச்சுப் போச்சுன்னா, அந்த நட்டத்தை அடுத்த வருஷ விலையில் சேர்த்துத் தருவாங்களா? விமானம் பறக்கட்டும், நாம தடுக்கல. செலவும் லாபமும் அவங்களுக்கு உண்டுன்னா நமக்கும் உண்டு.

1997 சட்டத்தில் 3(2) நோட்டீஸ் உங்க ஊருக்கு வந்தால், அதில் குறித்த நாளுக்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்க. நம்ம சங்கத்தாரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க.