பயனாளியா, உறுப்பினரா?

மார்ச்சோடு கணக்கு ஆண்டு முடிந்துவிட்டது. பதிவு பெற்ற சங்கங்கள் வரவு செலவு எழுதி, பொதுக்குழுவைக் கூட்டி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கணக்கைத் தாக்கல் செய்யும் காலம் இது. நம் காலனிகளிலும் இளைஞர் மன்றம், இரவுப் பாடசாலை, மகளிர் நலச் சங்கம், கல்வி உதவிச் சங்கம் என்று பல இருக்கின்றன. பெயர்ப் பலகையில் அம்பேத்கர் படமும் பதிவு எண்ணும் இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை: இந்தச் சங்கத்தில் ஓட்டு யாருக்கு இருக்கிறது?

அறக்கட்டளை என்றால் அங்கே பொதுவாக உறுப்பினர் ஓட்டு கிடையாது. பத்திரத்தில் பெயருள்ள அறங்காவலர்கள் எடுப்பதே முடிவு. சங்கம் அப்படியல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும், கணக்கை ஏற்பதா மறுப்பதா என்று சொல்வதும், பைலாவைத் திருத்துவதும் உறுப்பினர்களின் ஓட்டுதான்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தொடங்க 7 பேர் போதும் என்று சொல்லும் சட்டம், சங்கம் யாருக்காக நடக்கிறதோ அவர்களை உறுப்பினராகச் சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. யாரைச் சேர்ப்பது, சந்தா எவ்வளவு, யாருக்கு ஓட்டு உண்டு என்பதெல்லாம் பைலாவில் இருக்கிறது. புதிய உறுப்பினரைச் சேர்க்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவிடம் மட்டும் இருந்தால், தங்களுக்கு ஓட்டுப் போடுபவர்களைத் தாங்களே பொறுக்கிக்கொள்ளலாம். தேர்தல் ஒழுங்காக நடக்கும். ஆனால் முடிவு பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இது இன்று முளைத்த பிரச்சினை அல்ல. 1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மாதமே தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அகில இந்திய அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னாளில் ஹரிஜன சேவக சங்கம் ஆனது அதுதான். ஜி.டி. பிர்லா தலைவர், தக்கர் பாபா செயலாளர். அம்பேத்கரும் அதன் மத்தியக் குழுவில் இருந்தார், ஆனால் வெளியேறிவிட்டார். நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது காந்தியடிகள் சொன்ன காரணம், தீண்டாமை சாதி இந்துக்கள் பட்ட கடன், அதை அடைக்கும் வேலையை அவர்களே நடத்த வேண்டும் என்பது. 1945-ல் காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில் அம்பேத்கர் இந்த நிலையைக் கடுமையாகச் சாடினார்.

அந்தச் சங்கம் பள்ளி நடத்தியது, விடுதி நடத்தியது, கிணறு வெட்டியது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கிணற்றை எங்கே வெட்டுவது என்று சொல்லும் ஓட்டு, தண்ணீர் கேட்டவர் கையில் இல்லை. அதற்கு முன்பே, 1924-ல், அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையில் சர் சிமன்லால் சீதல்வாட் தலைவராக இருந்தார். நிர்வாகக் குழுவின் தலைமையோ அம்பேத்கரிடம் இருந்தது. வெளியிலிருந்து உதவியும் வரலாம், பெரிய மனிதர்களும் வரலாம். நிர்வாகம் நம் கையில் இருக்க வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இன்று நம் பெயரில் திட்டம் எழுதி நிதி பெறும் தொண்டு நிறுவனங்களில் நாம் யார்? பெரும்பாலும் 'பயனாளி'. பயிற்சிக்கு வந்தால் வருகைத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள், நிழற்படம் எடுப்பார்கள். அதே கையெழுத்து உறுப்பினர் பதிவேட்டில் இருக்காது. பயனாளி நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்கும் உரிமை உறுப்பினருக்குத்தான்.

அடுத்தவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம்மவர் நடத்தும் சங்கங்களிலும் தலைவர், அவர் தம்பி, மச்சான் என்று ஏழு பேரோடு பதிவேடு நின்றுவிடுவதைப் பார்க்கிறோம். கூட்டத்தில் நாற்காலியை நிரப்பும் பெண்களின் பெயர் பதிவேட்டில் இருப்பதில்லை. சில இடங்களில் பொதுக்குழுவை வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, டவுன் மண்டபத்தில் வைக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டா ஓட்டுப் போட வருவார்? பெயர் இருந்தும் ஓட்டு இல்லாத நிலை இது.

என்ன செய்யலாம்? முதலில் பைலாவின் நகலைக் கேட்டு வாங்குவோம். படித்த மாணவர்கள் அதைத் தெருவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். உறுப்பினர் சேர்க்கை பற்றிய விதியை முதலில் பாருங்கள். சந்தாவைக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சந்தா பாக்கி என்று சொல்லி ஓட்டைத் தடுப்பது பழைய வழி. கூட்ட அறிவிப்பை எழுத்தில் கேளுங்கள். வெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிர்வாகம் சரியில்லை என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கோர 1975-ம் ஆண்டுச் சட்டத்தின் 36-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கும் பதிவேட்டில் இருப்பவர்களைத்தான் கணக்கிடும்.

புதிதாகச் சங்கம் தொடங்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். காலனியில் 18 வயது நிரம்பிய எவரும், ஆணோ பெண்ணோ, ஒரு நாள் கூலிக்கும் குறைந்த சந்தாவில் உறுப்பினராகலாம், ஆளுக்கு ஒரு ஓட்டு என்று பைலாவில் எழுதுங்கள். அப்படி எழுதினால் அடுத்த தேர்தலில் நீங்களே தோற்கலாம். தோற்கக்கூடிய தலைவர்தான் ஊருக்குக் கணக்குச் சொல்வார்.